பாட்டிலைக் கண்ணுக்கு முன்னால் காட்டாதீர்கள்: பூனைக்கும் நாய்க்கும் கண் சொட்டு மருந்து விடும் முறை

கால்நடை மருத்துவரின் மேசையில் ஒரு நொடியில் முடிந்த வேலை வீட்டில் அரை மணி நேரப் போராட்டமாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பாட்டில் முன்னாலிருந்து வருகிறது. முகத்தை நோக்கி நேராக எது வந்தாலும் இமையை இறுக்கிக்கொள்வதும் தலையைப் பின்னிழுப்பதும் இயல்பு. நம் கண்ணும் அப்படித்தான். அதனால் மருந்து பிடித்த கை எப்போதும் தலைக்குப் பின்னாலிருந்து, நெற்றிக்கு மேலாக வர வேண்டும். இதைப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

பிராணியைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்: மருந்து, வெதுவெதுப்பான சலைன் அல்லது கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், சில காஸ் (மெல்லிய மருத்துவ வலைத்துணி) துண்டுகள், பிடித்த தின்பண்டம், பூனையென்றால் ஒரு தடித்த துண்டு. பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் இமைக்குள் ஒட்டிக்கொண்டு உறுத்தும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிர்பெட்டியில் இருந்த மருந்தென்றால் ஓரிரு நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள். குளிர்ந்த சொட்டு விழுந்ததும் பிராணி துள்ளும், அடுத்த முறை பாட்டிலைக் கண்டாலே ஓடும். லேபிளில் 'குலுக்கவும்' என்று இருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும். பிரெட்னிசோலோன் அசிடேட் போன்றவற்றில் மருந்து அடியில் படியும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் வெறும் திரவம்தான்.

முதலில் பீளையைத் துடையுங்கள்

பீளை மூடிய கண்ணில் விட்ட மருந்து பீளையோடு வழிந்து போய்விடும். காய்ந்து ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். நனைத்த காஸை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் தானே இளகும். பிறகு கண்ணின்மேல் தேய்க்காமல், கண்ணிலிருந்து விலகும் திசையில் ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துண்டு. இரண்டு கண்ணுக்கும் மருந்து உண்டென்றால், பாதிப்புக் குறைந்த கண்ணை முதலில் பாருங்கள்.

நாய்

சிறிய நாயை மேசைமேல் வழுக்காத விரிப்பில் உட்காரவைத்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி அணைத்து நில்லுங்கள். பெரிய நாயை அறை மூலையில் பின்பக்கம் சுவரைத் தொடும்படி உட்காரவைத்தால் பின்வாங்க இடமிருக்காது. நீங்கள் அதன் பக்கவாட்டில் மண்டியிடுங்கள். எதிரே நின்று மேலே குனிய வேண்டாம். அது நாய்க்கு மிரட்டலாகத் தெரியும்.

ஒரு கையால் தாடையைத் தாங்கி மூக்கைக் கூரை நோக்கி உயர்த்துங்கள். அதே கையின் கட்டைவிரலால் கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால் இமைக்கும் விழிக்கும் நடுவே ஒரு சிறு பை தெரியும். பாட்டில் பிடித்த கையின் அடிப்பாகத்தைப் புருவ எலும்பின்மேல் ஊன்றி, அந்தக் கையாலேயே மேலிமையைச் சற்று ஏற்றுங்கள். இந்த ஊன்றல்தான் முழு வேலையின் உயிர்நாடி. நாய் திடீரென்று தலையை அசைத்தாலும் கையும் கூடவே அசையும்; பாட்டில் முனை விழியில் குத்தாது. கையை அந்தரத்தில் நிறுத்திக் குறிபார்ப்பவர்கள்தான் கண்ணைக் கீறிவிடுகிறார்கள். விரல் அழுத்தம் எலும்பின்மேல் மட்டும்; விழியின்மேல் கூடவே கூடாது.

முனை கண்ணிலிருந்து 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஒரு சொட்டு. கீழிமைப் பையில் விழுந்தாலும் விழியின் வெள்ளையில் விழுந்தாலும் போதும், ஒரு சிமிட்டலில் பரவிவிடும். உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை ஏறி வந்து பாதி விழியை மறைத்தால் பதற வேண்டாம், அதன்மேலேயே விடலாம்.

பக், ஷிட்சூ, பெக்கினீஸ் போன்ற தட்டை முக நாய்களிடம் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் விழி ஆழமில்லாத குழியில் இருக்கிறது. பிடரித்தோலை இறுக்கி இழுத்தாலோ கழுத்தை நெரித்தாலோ விழியே வெளியே பிதுங்கக்கூடும். குளுக்கோமாவோ (கண்ணின் உள்ளழுத்தம் கூடும் நோய்) ஆழமான கருவிழிப் புண்ணோ உள்ள எந்த நாய்க்கும் கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். கழுத்தில் விழும் இழுப்பு கண்ணின் உள்ளழுத்தத்தைக் கூட்டும்.

பூனை

பூனையைத் துரத்திப் பிடித்து மருந்து விடுவது அன்றைக்கு நடக்கும், மறுநாள் நடக்காது. அது தூங்கி எழுந்து சோம்பலாக இருக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். தரையில் மண்டியிட்டு, பூனையின் பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி தொடைகளுக்கு நடுவே உட்காரவையுங்கள். அது பின்னோக்கித்தான் நழுவப் பார்க்கும். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். நகம் போடும் பூனையென்றால் துண்டை விரித்து அதை நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கத்தைக் கழுத்தடியில் கொண்டுவந்து சுற்றி, மறு பக்கத்தை அதன்மேல் சுற்றுங்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். கழுத்தருகே ஒரு விரல் நுழையும் இடம் விடுங்கள்.

பிறகு நாய்க்குச் செய்தது போலவேதான். தாடையை உயர்த்தி, பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து நெற்றியில் ஊன்றி, ஒரு சொட்டு. விட்டவுடன் பிடியைத் தளர்த்தாமல் ஐந்தாறு நொடி தாடையைத் தடவிக்கொடுத்துவிட்டு விடுங்கள். வாயைத் திறந்து மூச்சுவாங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டுப் பிறகு முயலுங்கள்.

சில சமயம் மருந்து விட்ட ஓரிரு நிமிடத்தில் பூனை நுரைநுரையாக எச்சில் வடிக்கும். பலர் விஷமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறார்கள். கண்ணிலிருந்து மூக்குக்குச் செல்லும் கண்ணீர்க் குழாய் வழியே மருந்து தொண்டைக்கு இறங்குகிறது. அட்ரோபின், டிராபிகமைடு போன்றவை கடும் கசப்பு. அந்த நுரை சற்று நேரத்தில் அடங்கும். அட்ரோபினைப் பூனைக்குக் களிம்பாகத் தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், கசப்பு குறையும். ஆனால் முகம் வீங்கினாலோ, வாந்தியோடு தள்ளாடினாலோ, மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். நியோமைசின், பாலிமிக்சின் கலந்த கண் மருந்துகளால் பூனைகளுக்கு மிக அரிதாக இப்படி நேர்ந்திருக்கிறது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எத்தனை சொட்டு, எவ்வளவு இடைவெளி

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.03 முதல் 0.05 மில்லி. கண்ணில் தங்கக்கூடிய அளவு அதற்கும் குறைவு. ஆகவே இரண்டாவது சொட்டு முதல் சொட்டைத் தள்ளிக்கொண்டு கன்னத்தில் வழிவதோடு சரி. மயிரில் விழுந்துவிட்டது என்று கண்ணால் கண்டால் மட்டும் இன்னொன்று விடுங்கள். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் விடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதோடு தொடருங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம்.

இரண்டு மருந்து எழுதியிருந்தால் நடுவே குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 நிமிடம் விடுங்கள். நீர்த்தது முதலில், கெட்டியானது அடுத்து, களிம்பு கடைசி. களிம்பை முதலில் போட்டால் அதன் எண்ணெய்ப்பசை பின்னால் வரும் சொட்டைத் தடுத்துவிடும். களிம்பின் அளவு ஓர் அரிசி நீளம், அரை சென்டிமீட்டர் போதும். கீழிமைப் பையில் அதை வைத்து, இமைகளை மூடி லேசாக ஒருமுறை தடவினால் உடல் சூட்டில் உருகிப் பரவும். டியூபிலிருந்து துண்டாகாமல் இழுபட்டால் டியூபைச் சற்றே திருப்புங்கள்.

முனை இமையிலோ மயிரிலோ பட்டுவிட்டால் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி உள்ளே போயிருக்கலாம். வேறு பாட்டில் வாங்குவதுதான் சரி, குறிப்பாகக் கருவிழியில் புண் இருக்கும்போது. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். பெரும்பாலானவற்றை 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மீதி மருந்து வேண்டவே வேண்டாம்

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் கண் சிவந்தபோது தந்த மருந்தை இந்த வருடச் சிவப்புக்கு விடாதீர்கள். அதில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ இருந்து, இப்போதைய காரணம் கருவிழிப் புண்ணாக இருந்தால், ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாது. கருவிழி ஓட்டையாகும் வரை போகலாம். சிவப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஃபுளோரசீன் சாயம் விட்டுப் பார்த்தால்தான் புண் பச்சையாக ஒளிரும். நம் கண்ணுக்கு வாங்கிய, சிவப்பைப் போக்கும் சொட்டுகளும் கூடாது. அவற்றில் உள்ள டெட்ராஹைட்ரோசொலின் வகைகள் பிராணியின் உடலில் சேர்ந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும்.

தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துவதும் தவறு. வறண்ட கண்ணுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். பெரும்பாலான நாய்களுக்கு அது வாழ்நாள் மருந்து. நீண்ட நாள் மருந்தென்றால், பாட்டிலை மூடியபடியே காட்டித் தின்பண்டம் கொடுப்பதை ஒரு நாளைக்கு நாலைந்து முறை செய்யுங்கள். பாட்டில் வந்தால் தின்பண்டமும் வரும் என்று சில நாட்களில் புரிந்துகொள்ளும். உண்மையான சொட்டுக்குப் பிறகும் அது தவறக் கூடாது, பிராணி முரண்டு பிடித்த நாளிலும்தான்.

கண்ணைக் காலால் தேய்த்தால் கூம்பு காலர் போடுங்கள்; மூக்கு நுனியைத் தாண்டி நீளாத கூம்பால் பயனில்லை. வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால், அது மருந்து விட்ட கண்ணை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணைத் திறக்கவே மறுப்பது, விழி நீலம் கலந்து மங்குவது, கண்மணி இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிவது, விழி பெரிதாவது, நடக்கும்போது முட்டிக்கொள்வது: இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த வேளைச் சொட்டுக்காகக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அட்ரோபின் விட்ட கண்ணில் மட்டும் கண்மணி பல நாள் விரிந்தே இருக்கும், அது மருந்தின் வேலை. இரசாயனம் ஏதும் தெறித்திருந்தால் முதலில் சுத்தமான தண்ணீரால் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். பீளையைத் துடைக்காமலே கொண்டுபோங்கள். அதன் நிறமும் அளவும் மருத்துவருக்குத் தேவை. கடைசிச் சொட்டு விட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தத்தை அளந்ததும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.