சேமக்காலைக்கு எத்தனை பரப்பு? முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போடும் முறை

சனத்தொகையை மரண வீதத்தால் பெருக்கி, இறந்தோரைப் புதைக்கும் சேமக்காலைக்குக் காணி கேட்கும் அறிக்கை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போக, ஊரில் முதியோரின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. ஆட்தொகை அப்படியே நின்றாலும் மரணம் கூடும். 1981க்கும் 2012க்கும் இடையில் இங்கே முழுமையான குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. போரும் இடப்பெயர்வும் கிடக்கும் அந்த 31 ஆண்டுகளை ஒரு கோட்டால் இணைத்து எதிர்காலத்துக்கு நீட்டுவது வீண் வேலை. கிராம அலுவலர் பிரிவு வாரியாக வயதுக் கூறுகளை எடுத்து, ஒவ்வொரு கூறுக்கும் அதற்குரிய மரண வீதத்தைப் போடுங்கள்.

அடுத்தது மரணப் பதிவு. மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடமே அது பதியப்படும். பருத்தித்துறைக்காரர் யாழ் போதனா வைத்தியசாலையில் கண்மூடினால் பதிவு யாழ் நகரில் விழும், உடல் பருத்தித்துறைக்குப் போகும். இதைக் கவனிக்காவிட்டால் நகரத்துக்குத் தேவைக்கு மேல் காணி கேட்பீர்கள், பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்குக் குறைத்துக் கேட்பீர்கள். ஆகவே வதிவிட முகவரிப்படி பிரித்துவிட்டு, தேவாலயப் பங்குகளின் அடக்கப் பதிவேடு, பள்ளிவாசல் பதிவேடு, மயான அனுமதிச் சீட்டு மூன்றோடும் ஒப்பிடுங்கள். கொழும்பில் இறந்து ஊருக்குக் கொண்டுவரப்படுவோர் இந்த மூன்றிலும்தான் அகப்படுவார்கள். பத்து ஆண்டுச் சராசரி போதும். கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த 2020–21 காலத்து அடக்க எண்ணிக்கையை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

எரிப்போரையும் புதைப்போரையும் பிரிக்கும்போது சைவர் எல்லோரையும் எரிப்போர் பக்கம் தள்ளிவிடாதீர்கள். சிறு பிள்ளைகளைப் புதைப்பதே வழக்கம், வீரசைவரும் புதைப்பவர்கள்தான்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு பிரதேச சபை எல்லைக்குள் ஆண்டுக்கு 420 மரணம், அதில் 84 அடக்கம் என்று வையுங்கள். 25 பேர் ஏற்கெனவே உள்ள குடும்பக் கல்லறைக்குள் போனால் புதிய புதைகுழி 59. முதுமை கூடி முப்பதாவது ஆண்டில் அது 91 ஆகுமென்றால் சராசரி 75, மொத்தம் 2,250. குழி 2.4 × 1.2 மீட்டர், அதாவது 2.88 சதுர மீட்டர். நடைபாதை, மதில், மண்டபம், மரம் எல்லாம் சேர்த்து 1.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4.6. மொத்தம் 10,350 சதுர மீட்டர். யாழ்ப்பாணக் காணி அளவில் ஒரு பரப்பு 253 சதுர மீட்டர் என்பதால் 41 பரப்பு வரும், பத்து வீத ஒதுக்கத்தோடு 45. முதுமையைக் கணக்கில் எடுக்காவிட்டால் இதே கணக்கு, ஒதுக்கத்துக்கு முன், 32 பரப்பில் நின்றுவிடும்.

25 என்ற அந்த எண்தான் ஆபத்தானது. ஓடு பதித்து, கொங்கிறீற்றால் மூடிக் கட்டிய கல்லறைகள் பெருகப் பெருக மறுபயன்பாடு குறையும். எத்தனை ஆண்டுக்குப் பிறகு பழைய குழியைத் திறக்கலாம் என்பதைக் குழி வெட்டுபவரிடம் கேளுங்கள், மண்ணை அவர்தான் அறிவார். அடுத்த ஊரில் இடம் கிடக்கிறது என்றும் கழித்துவிடாதீர்கள். மயானங்கள் ஊர் வாரியாகவும் சமூக வாரியாகவும் பிரிந்து கிடக்கின்றன. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் துண்டு எல்லோருக்கும் திறந்த இடமல்ல.

காணி தேடும்போதுதான் உண்மையான சிக்கல். அடியில் சுண்ணக்கல், குடிதண்ணீருக்குக் கிணறு. குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலேயும் இருக்க வேண்டும் என்பது பிரித்தானியாவின் சூழல் வழிகாட்டல். 250 மீட்டர் ஆரையுள்ள வட்டம் ஏறக்குறைய 48 ஏக்கர். வளவுக்கொரு கிணறு உள்ள குடியிருப்புகளில் அந்தளவு வெறுங்காணி கிடைக்காது, அதனால் ஊர் விளிம்புகளில் தேடுங்கள். நீர்மட்டத்தை ஓகஸ்ட்டில் அளக்காதீர்கள், மாரிமழை கொட்டி முடியும் டிசம்பர், ஜனவரியில் அளந்து பாருங்கள். ஐந்தாறு இடங்களில் துளையிட்டு, ஆறடிக்குள் கல் தட்டுகிறதா என்றும் பாருங்கள். கல் தட்டும் பகுதியை மொத்தப் பரப்பிலிருந்து கழித்த பிறகே விலை பேசுங்கள்.