தண்ணீர் வரும் வழியும் மீன் ஏறும் வழியும்: செட்டிநாட்டில் பருவம் அறிந்து தூண்டில் போடும் முறை

செட்டிநாட்டில் தூண்டில் போடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், மூங்கில் கம்பைத் தேடுவதற்கு முன்பே, தம் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்த பின் எங்கே போகிறது என்பதைக் காலால் நடந்து பார்த்துவிட வேண்டும். வடக்கே வெள்ளாறும் தெற்கே வைகையும் எல்லையாகச் சொல்லப்படும் இந்த நிலத்தில் பாம்பாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, தேனாறு என்று ஆறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, மழைக்காலத்தின் சில வாரங்களில் மட்டுமே கரை தொட்டு ஓடுகின்றன. ஆகவே இங்குள்ள ஆற்று மீன் ஆண்டு முழுவதும் ஆற்றில் வாழும் மீன் அன்று. அதற்குக் கண்மாயும் ஆற்று மடுவும் வீடு. ஆறும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும், நிறைந்த தண்ணீர் வெளியேறும் மறுகாலும் மழை நாட்களில் மட்டும் திறக்கும் தெரு. எந்த மாதத்தில் மீன் வீட்டில் இருக்கிறது, எந்த மாதத்தில் தெருவில் இறங்குகிறது என்று தெரிந்தவருக்கு இரை பற்றிய கவலை பாதியாகக் குறைந்துவிடும்.

புரட்டாசியில் மாலை இடியுடன் வரும் மழை நிலத்தை நனைத்துவிட்டுப் போகும். வரத்துக்காலில் ஈரம் மட்டுமே இருக்கும். உண்மையான தொடக்கம் ஐப்பசியில்தான். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்ற சொல்லை மீன்கள் நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. முதல் பெருமழைத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் விழும்போது, அந்தப் புதுத் தண்ணீரின் குளிர்ச்சியும் மணமும் ஓட்டமும் சினை கொண்ட மீன்களை எழுப்பிவிடுகின்றன. கெண்டை வகைகளும் கெளுத்தியும் விராலும் குறவையும் ஓட்டத்தை எதிர்த்து மேலேறி, புதிதாக நீர் பரவிய புல்தரையையும் வயல் வரப்புகளையும் தேடிப் போகின்றன. முட்டையிடுவதற்கு அங்கே ஆழமற்ற, வெதுவெதுப்பான தண்ணீர் கிடைக்கிறது. பொரித்த குஞ்சுகளுக்கு நுண்ணுயிர்களும் பூச்சிகளும் உணவாகின்றன. பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு.

இந்த நாட்களில் பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊர்ந்து செல்வதை மழை இரவில் விளக்குடன் போகிறவர்கள் காணலாம். செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் அது காற்றை நேரடியாகச் சுவாசிப்பதால் தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் தாங்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டென்மார்க் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் வெளியாயிற்று. அது உண்மையில் மரமேறியதா என்று அறிஞர்கள் இன்றும் ஐயப்பட்டாலும், பெயர் நிலைத்துவிட்டது.

கண்மாய் நிறைந்து, உபரி நீரை வெளிவிடும் கலுங்கு வழியத் தொடங்கியதும் மீனின் நடமாட்டம் இரண்டு திசைகளில் பிரிகிறது. கண்மாய் மீனில் ஒரு பங்கு வழியும் தண்ணீரோடு மறுகாலில் இறங்கி அடுத்த கண்மாய்க்கோ ஆற்றுக்கோ போய்விடும். அதே நேரத்தில் கீழே உள்ள மீன்கள் மறுகால் வழியே எதிரேறி வந்து, கலுங்கின் கல்தளத்தைத் தாண்ட முடியாமல், தண்ணீர் விழுந்து பறித்த கிடங்கில் கூட்டமாகச் சேர்ந்து நிற்கும். நம் பகுதியில் ஒரு கண்மாயின் உபரி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி பழைய காலத்தவர் சங்கிலித்தொடராக அமைத்திருப்பதால், ஒவ்வொரு கலுங்கும் மீனுக்கு ஒரு சுங்கச்சாவடியாகிவிடுகிறது.

தண்ணீர் செங்கலங்கலாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் மீன் கண்ணை நம்பாது, மோப்பத்தையும் மீசையையும் நம்பும். அப்போது மண்புழுவைக் கொத்தாகக் கோத்து, ஈயக்குண்டு கட்டி, அடித்தரையில் கிடக்கும்படி விட வேண்டும். கெளுத்தியும் ஆராலும் அதற்கு வரும். ஓட்டத்தின் நடுவில் போடுவது வீண். வேகமான நீரும் தேங்கிய நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில், ஒரு பாறைக்கோ பாலத்தூணுக்கோ பின்னால் உள்ள அமைதியான நீரில் போட வேண்டும், ஏனெனில் மீன் தன் பலத்தைச் செலவிடாமல் அங்கே நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கிறது. தண்ணீர் தெளியத் தொடங்கிய பிறகு கெண்டைக்கு மெல்லிய தூண்டில் நரம்பும் சிறிய தூண்டில் முள்ளும் போதும். தக்கைக்கு மயிலிறகின் தண்டைவிடச் சிறந்த பொருளை நான் இதுவரை கண்டதில்லை, மிக மெல்லிய கடியையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கலுங்கடியில் நிற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கே ஏறி வரும் மீன்களில் பெரும்பாலானவை சினை மீன்கள். வயிறு உப்பி, அழுத்தினால் முட்டை கசியும் மீன் கிடைத்தால், முள்ளை நனைந்த கையால் எடுத்துக் கலுங்குக்கு மேலே கண்மாய்க்குள் விட்டுவிடுங்கள். அந்த ஒரு மீன் ஏறிப் போனால்தான் அடுத்த மாசியில் தூண்டிலுக்கு வேலை இருக்கும். பாசி படிந்த கலுங்குக் கல் வழுக்கும் என்பதையும், கிடங்கின் ஆழம் கலங்கல் நீரில் தெரியாது என்பதையும் சிறுவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் மறக்கக் கூடாது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் கதை வேறு. வட இந்தியப் பேராறுகளின் மீன்களான இவை வெள்ளம் பாயும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய கண்மாயில் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. 1957இல் ஹீராலால் சௌத்ரி ஒரிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு வளர்ப்பு நாடெங்கும் பரவியது. நம் கண்மாய்களில் உள்ளவை ஏறக்குறைய அனைத்தும் அவ்வாறு வாங்கி விடப்பட்டவையே. எனவே இவற்றைத் தேடுவதற்குப் பருவத்தைவிட ஆழமே முக்கியம்: கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில் மேயும், மிர்கால் தரையைக் கிளறும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நீளத்தை மாற்றினாலே மீன் மாறுவதைக் காணலாம். கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டைகளை ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து போட்டு மீனைப் பழக்கிவிட்டு, பிறகு அதே மாவை முள்ளில் வைப்பது நல்ல வழி. ஆனால் வளர்ப்பு மீன் குத்தகைதாரரின் உடைமை. மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போன கண்மாயில் அவரிடம் கேட்காமல் தூண்டிலை இறக்குவது திருட்டு என்பதில் ஐயமில்லை. குடிநீர் ஊருணியிலும் கோயில் தெப்பக்குளத்திலும் கேட்பதற்கே இடமில்லை.

மார்கழியிலும் தையிலும் கண்மாய் நிறைந்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து, குளிர்ந்து நிற்கும். இதுதான் பழகாதவர்கள் ஏமாறும் காலம். இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் கடிக்கவில்லை என்று கேட்பார்கள். மீன் பரந்துவிட்டது, குளிரில் பசியும் மந்தமாகிவிட்டது. பனி விலகாத அதிகாலையில் போய்ப் பயனில்லை. காலை பத்து மணிக்குப் பின், வெயில் பட்டுச் சற்றுச் சூடேறிய, கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கத்து ஆழமற்ற நீரில், அல்லியும் கோரையும் அடர்ந்த ஓரங்களில் தேட வேண்டும். வாடைக்காற்று தொடர்ந்து வீசும் நாளில் தெற்கு, தென்மேற்குக் கரைகளில் தூசியும் பூச்சியும் ஒதுங்கும். கெண்டை அங்கே வரும். பறவைகளும் நல்ல வழிகாட்டிகள். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு இந்தப் பருவத்தில் வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் சுற்றியுள்ள நீர்நிலைகளில்தான் இரை தேடுகின்றன. அவை அஞ்சக் கூடாது என்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாரை எங்கே வரிசையாக நிற்கிறதோ அங்கே தண்ணீர் முழங்கால் ஆழம், சிறு மீன் உண்டு. சிறு மீன் இருந்தால் அதன் அருகே விராலும் உண்டு.

விராலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் செட்டிநாட்டுக் குழம்புச் சட்டியில் அதற்குள்ள மதிப்பு வேறெந்த நன்னீர் மீனுக்கும் இல்லை. அது கண்ணால் வேட்டையாடும் மீன். தெளிந்த நீர் வேண்டும், பதுங்கச் செடி வேண்டும். காற்றைச் சுவாசிப்பதால் அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். காற்றில்லாத காலையில் கரையில் அசையாமல் அமர்ந்து, செடிகளுக்கு இடையே ஒரு சுழிப்பு எழுந்து அடங்குவதைப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் மீண்டும் எழும். அங்கே தடித்த நரம்பில் பெரிய முள் கட்டி, சிறு தவளையையோ உயிர்க் கெண்டையையோ மேல்நீரில் தத்தித் தத்திப் போகும்படி இழுத்து வர வேண்டும். கவ்வியவுடன் சுண்டி இழுத்தால் முள் வாயிலிருந்து நழுவும். இரையை விழுங்கித் திரும்பும் வரை நரம்பைத் தளரவிட்டுப் பின்பு இழுக்க வேண்டும், இழுத்த பிறகு செடிக்குள் நுழைய இடம் கொடுக்கக் கூடாது.

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் பிடியளவு கூட்டமாகக் கொப்பளிப்பதைக் காணலாம். அவற்றின் அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே எதை இறக்கினாலும் பசியில்லாமலே சீறிக் கடிக்கும். மிக எளிதாகப் பிடிபடும் என்பதால்தான் அதைப் பிடிக்கக் கூடாது என்கிறேன். இளவயதில் ஒருமுறை அப்படிப் பிடித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தக் கூட்டத்தில் கால்பங்குகூட இல்லை. இரண்டு மடையான் கொக்குகள் அங்கே நின்றுகொண்டிருந்தன. அதன் பிறகு செங்குஞ்சைக் கண்டால் கம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுகிறேன்.

மாசி, பங்குனியில் நெல்லுக்கு மடை திறந்து தண்ணீர் இறங்க இறங்க, மீன் உள்வாய்ச் செடிகளை விட்டுக் கரையை ஒட்டிய ஆழத்துக்கு வந்து சேரும். மடைக்கு வெளியே வாய்க்கால் தொடங்கும் குழியில் உளுவையும் கெளுத்தியும் கிடைக்கும். மடைக்கு உட்புறம் நீந்துவதோ நிற்பதோ உயிருக்கு ஆபத்து. மடையின் நீர்வழியான தூம்பு திறந்திருந்தால் அதன் இழுப்பு மேலே தெரியாது. ஜிலேபிக் கெண்டை ஓரத்தில் தட்டுப் போல வட்டக் குழி பறிப்பதும் தண்ணீர் சூடேறும் இந்த மாதங்களில் கண்ணில் படும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் எங்கும் பெருகிவிட்டது. எவ்வளவு பிடித்தாலும் நாட்டு மீனுக்கு நன்மையே.

சித்திரை வெயிலில் கண்மாய் வற்றி ஆங்காங்கே பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது மூச்சுக்காற்றே மீனின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவு முழுவதும் பாசியும் செடியும்கூட அதைச் செலவிடுவதால் விடியற்காலையில் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கெண்டைகள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, நிறைய மீன் இருக்கிறது என்று மகிழ்ந்து தூண்டில் போடுகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்; மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரை எடுக்காது. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் விரால், குறவை, தேளி ஆகியவை அதே விடியலில் நன்றாகக் கடிக்கும். கெண்டைக்கு வெயில் ஏறிப் பாசி மீண்டும் ஆக்சிஜனை வெளிவிடும் வரை இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். தேளியை முள்ளிலிருந்து எடுக்கும்போது ஈரத்துணியால் பிடியுங்கள். பக்கத்துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, தேள் கொட்டியது போலக் கடுக்கும். பட்டுவிட்டால் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அறுவடை முடிந்து நீர் குறைந்த கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடப்பதும் இந்த மாதங்களில்தான். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா ஆகிய மீன்பிடி கருவிகளும் வலையும் கொண்டு சுற்று வட்டார மக்கள் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். பிடித்ததை விற்காமல் வீட்டில் சமைப்பது வழக்கம். இதற்கு மாறாக, பேட்டரியில் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் கொடுமை சில இடங்களில் பரவிவருகிறது. அது குஞ்சு, சினை என்று எதையும் மிச்சம் வைப்பதில்லை, இறங்கியவரையே கொன்றுவிடவும் கூடும். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது.

ஆனியிலும் ஆடியிலும் வற்றாத மடுக்களை மட்டும் நம்ப வேண்டும். மேலைக்காற்று வலுத்து வீசுவதால் கிழக்குக் கரையில் அலை மோதி நீர் கலங்கும். இரை ஒதுங்குவதும் அங்கேதான். கண்மாய் முழுவதும் வற்றிவிட்டால் குறவையும் விராலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அவற்றைத் தோண்டி எடுக்காமல் விட்டுவிடுவது நல்லது. இந்த நாட்களில் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டோடு வறண்ட கண்மாய்க்குள் நடந்து பாருங்கள். மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது, பழைய ஓடை எந்த வழியே மடைக்குப் போகிறது, வெட்டிய கருவேலங்கட்டைகள் எங்கே நிற்கின்றன என்பதைக் கரையில் உள்ள ஒரு மரத்திலிருந்து எத்தனை தப்படி என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகையில் அதே இடம் தண்ணீருக்கு அடியில் மறைந்து கிடக்கும்போது, அந்த மரத்தடியில் நின்று, எண்ணிய தப்படித் தூரத்துக்குத் தூண்டிலை வீசலாம்.