சிங்கப்பூரிலிருந்து ஊர்ப் பள்ளிக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்களின் பெயரில் சிங்கப்பூரில் வாட்ஸ்அப் குழுக்கள் ஏராளம். ஊர்த் திருவிழாவுக்கு முன்னோ பின்னோ ‘நம்ம பள்ளிக்கு ஏதாவது செய்வோம்’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரே வாரத்தில் சில ஆயிரம் வெள்ளி சேர்ந்துவிடும். பணம் சேர்வது எளிது. அது எந்த வழியாகப் போகிறது, எதற்குச் செலவாகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பிழைகள் நடக்கின்றன.

தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்பது

பெரும்பாலும் நடப்பது இதுதான்: குழுவில் ஒருவர் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து ‘என்ன சார் வேணும்?’ என்று கேட்கிறார். அவர் அந்த நிமிடம் நினைவுக்கு வருவதைச் சொல்கிறார். பொருள் வந்து இறங்குகிறது. அடுத்த ஆண்டு அவர் மாறுதலில் போய்விட, வந்தவருக்கு அது ஏன் வாங்கப்பட்டது என்றே தெரிவதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவை இதற்காகத்தான் வைத்திருக்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர்; மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்களின் சட்டப்படியான வேலை. 2022-இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் யார் என்று தெரியுமா? அவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகல், கேட்கும் பொருளுக்கான கூட்டத் தீர்மானம், பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண், அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள தனி அடையாள எண். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் மாநிலம் அது, எண் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். கூட்டத்தில் நீங்களும் காணொளியில் கலந்துகொள்ளலாம். கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு என்றால் இங்கே மாலை 5.30. வேலை முடிந்து தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டுவிடலாம். பேசுவதைக் குறைத்துக்கொண்டால் நல்லது. சிங்கப்பூர்க் குரல் ஒலித்ததும் அங்கே தாய்மார்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

முதலில் தேவை, பிறகு பொருள் என்ற இந்த வரிசை ஒன்றும் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்த 1950களின் பிற்பகுதியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இப்படித்தான் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்ற பட்டியலை முதலில் ஊர் எழுதியது. கொடையாளர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நாம் தலைகீழாகச் செய்கிறோம்: பொருளை இங்கே முடிவுசெய்துவிட்டு, தேவையை அங்கே தேடுகிறோம்.

இன்னொன்று, அது எந்த வகைப் பள்ளி என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும், அரசு உயர்நிலைப் பள்ளிக்கும், அரசு உதவிபெறும் பள்ளிக்கும் வேறுபாடு உண்டு. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் நிலமும் தனியார் நிர்வாகத்துடையவை. அங்கே நீங்கள் கட்டித்தரும் வகுப்பறை அந்த நிர்வாகத்தின் சொத்தாகிவிடும்.

அரசு கொடுப்பதையே மறுபடியும் கொடுப்பது

பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வடிவியல் பெட்டி, வண்ணப் பென்சில் எல்லாம் அரசே தருகிறது. மதியச் சத்துணவு உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இத்தனைக்கும் பிறகு நோட்டும் பையும் வாங்கி அனுப்புவது படம் எடுக்க மட்டுமே உதவும். அரசுத் திட்டத்தில் தாமதமோ பற்றாக்குறையோ இருந்தால் அதை மேலாண்மைக் குழுத் தீர்மானமாக்கி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

சிங்கப்பூரில் சேகரித்த பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவதும் இதே கணக்குத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழிலேயே வாசிப்பு தடுமாறுகிறது என்றால் அந்தப் புத்தகம் அலமாரிக்குத்தான் போகும். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வைத்துச் சிறுநூல்கள் வெளியிட்டிருக்கிறது. அந்த மாதிரி, ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி கொண்ட மெல்லிய நூல்களை அங்கேயே வாங்கினால் கப்பல் கூலி மிச்சம். பழைய மடிக்கணினிகளையும் மொத்தமாக அனுப்ப நினைக்காதீர்கள். பயன்படுத்திய கணினிகளின் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு, சுங்கத்தில் முடங்கும்.

கட்டுவதற்குப் பணம், கழுவுவதற்கு இல்லை

கழிவறை கட்டித் தருவது எல்லாருக்கும் பிடித்த கொடை. 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு என்பது பொதுவான அளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. கட்டுவதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறுவது தண்ணீரில். பகல் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு, கழிவறைப் பயன்பாடும் இதில் அடக்கம். 80 பிள்ளைகள் என்றால் 3,600 லிட்டர். கூரைமேல் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றை வைத்து, காலையில் ஒரு முறை மோட்டார் போட்டால், இடைவேளை முடிவதற்குள் காலி. தண்ணீர் இல்லாத கழிவறையை இரண்டு வாரத்தில் பூட்டிவிடுவார்கள். சாவி யாரிடம் என்று பிறகு எவருக்கும் தெரியாது.

ஆகவே மதிப்பீட்டில் தொட்டி, மோட்டார், குழாய் ஆகியவற்றோடு இன்னொரு வரியும் வேண்டும்: தூய்மைப் பணியாளருக்கான மாதத் தொகை, பினாயில், பிளீச்சிங் பவுடர், தாழ்ப்பாள், குழாய் வாஷர். குறைந்தது மூன்று ஆண்டுக்கான இந்தத் தொகையைக் கட்டுமானப் பணத்திலிருந்தே ஒதுக்குங்கள். கட்ட வேண்டியது நான்கு அலகு என்றால் மூன்றாகக் குறைத்தாவது ஒதுக்குங்கள். கழிவறைச் சுவரில் கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிப்பவர்கள் விளக்குமாற்றுக்குப் பெயர் கேட்பதில்லை. அதனாலேயே அந்தச் செலவுக்கு ஆள் கிடைப்பதில்லை.

ஆர்ஓ குடிநீர் இயந்திரமும் இப்படியே. வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கரைந்த திடப்பொருள் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி அந்த வகையில் தண்ணீர் நல்லதே. கிருமி பயம் மட்டும் இருந்தால் புறஊதா வடிகட்டியே போதும். அதையும் மீறி ஆர்ஓ வேண்டுமென்றால், முதல்நிலை வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், சவ்வும் சில ஆண்டில் தீரும், பாதித் தண்ணீரோ அதற்கும் மேலோ கழிவாக வெளியேறும். அந்தக் கழிவு நீர் போக வழியிருக்கிறதா, மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற இரண்டுக்கும் தீர்மானத்தில் பதில் இருக்கட்டும்.

பணம் இருக்கிறது, பிள்ளை இல்லை

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஊர்ப் பள்ளிக்கு வெள்ளி அனுப்புகிறவரின் அண்ணன் பிள்ளை, வாசலுக்கு வரும் வேனில் ஏறி டவுன் மெட்ரிக் பள்ளிக்குப் போகிறது. அரசுப் பள்ளியின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால், ஒருவர் தலைமையாசிரியர் வேலையாக வட்டார அலுவலகம் போகும் நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டிமேய்க்க வேண்டும்.

58 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இன்னும் மூவர் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு வாதாட இடம் கிடைக்கிறது. நான்கு லட்ச ரூபாய் வண்ணப்பூச்சு இதைச் செய்யாது. எண்ணிக்கை குறைந்தால் எதிர்த்திசையில் நடக்கும்: உபரி ஆசிரியர் என்று சொல்லிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு ஆகஸ்ட் 1 நிலவர மாணவர் எண்ணிக்கையை எடுக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் மாணவர் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் குழு சூடுபிடிக்க வேண்டிய காலம் மார்ச் முதல் ஜூலை வரை. தீபாவளி நேரத்தில் இல்லை.

தனியாரை நாடும் பெற்றோரிடம் காரணம் கேட்டால் வேன், ஆங்கிலம், எல்கேஜி என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரும். வேனுக்கு ஊரே வழி செய்யலாம்: எட்டுப் பத்துப் பிள்ளை உள்ள தூரத்துக் குடியிருப்புக்கு ஒரு வாகன வாடகை, ஆண்டில் பத்து மாதம். ஓட்டுநர் உரிமமும் வாகனக் காப்பீடும் பார்க்காமல் யாரையும் வைக்காதீர்கள். ஆங்கில வழிப் பிரிவு 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் உண்டு. உங்கள் பள்ளியில் உள்ளதா என்று கேளுங்கள். கூடவே, பெற்றோர் கணக்குப் பார்க்கும் விஷயங்களை வீட்டுவீட்டாகச் சொல்ல ஆள் வேண்டும்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். இதை உங்கள் அக்காளிடம் நீங்கள் சொன்னால் கேட்பார். வட்டாரக் கல்வி அலுவலர் சொன்னால் கேட்க மாட்டார்.

ஒரே உண்டியலில் இரு கடப்பிதழ்

இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் ஒருவர், வேலை அனுமதிச் சீட்டில் இருந்தாலும் நிரந்தரவாசியாக இருந்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவரின் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட. இரண்டையும் ஒருவர் கணக்கில் கலந்தால் முழுத் தொகைக்கும் கேள்வி வரும்.

இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் 3-ஆம் பிரிவு, அரசு ஊழியர் இப்படிப்பட்ட பணத்தை வாங்கக் கூடாது என்கிறது. தலைமையாசிரியரின் கணக்குக்கு அனுப்புவது அவருக்கு நீங்கள் வைக்கும் வேட்டு. இந்தச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற அறக்கட்டளைகூட முதலில் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. எனவே சிங்கப்பூர்க் குடிமக்கள், அந்த வேலையைத் தானே செய்யும் பதிவுபெற்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பதிவு காலாவதி ஆகவில்லை என்று இந்திய உள்துறை அமைச்சின் தளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ நன்கொடைத் திட்டம் வழியாகக் குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்தெடுத்தும் கொடுக்கலாம். எந்தக் கடப்பிதழுக்கு எந்தக் கணக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கமும் விதி உண்டு. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. சங்கத்துக்கு மட்டுமல்ல, தனியாளுக்கும்தான். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. அந்த அளவைக் குறைப்பதற்கு ஆணையர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்களுக்குள் பேசிக் கொள்வது வேறு, எல்லாருக்கும் பரப்பச் சொல்லி பேநவ் எண்ணோடு செய்தி அனுப்புவது வேறு. இந்தக் கொடைக்கு இங்கே 250 விழுக்காட்டு வரிக்கழிவும் கிடையாது.

முழுச் செலவையும் தானே ஏற்பது

சுற்றுச்சுவருக்கு ஆறு லட்சம் தேவை என்றால் ஆறு லட்சமும் திரட்டி முடிப்பவர்கள் உண்டு. தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். இரண்டு லட்சத்தோடு நிறுத்திக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் மற்ற நான்கு லட்சத்தில் தண்ணீர்த் தொட்டியும் மூன்றாண்டுத் தூய்மைச் செலவும் அடங்கிவிடும். தாமதமாகும், உண்மைதான். ஆனால் பொறியாளர் மதிப்பீடும், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகமும் கிடைக்கும், வேலை அரசுக் கணக்கில் ஏறும், பின்னாளில் பழுதுபார்க்கக் கேட்கவும் வழி இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு வலு கூடும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடும்.

தற்காலிக ஆசிரியருக்குச் சம்பளம் தருவதாக இருந்தால் ஓராண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவரை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் அடுத்த சூனில் மீண்டும் வேனில் ஏறிவிடுவார்கள்.

டிசம்பரில் போவது

சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைப் பார்த்தே பலர் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். டிசம்பர் நடுவில் அங்கே அரையாண்டுத் தேர்வு, அது முடிந்ததும் விடுமுறை. நீங்கள் போய் நிற்கும்போது ஒன்று பிள்ளைகள் தேர்வில் இருப்பார்கள், இல்லையேல் பள்ளி பூட்டியிருக்கும். விழா என்று சொல்லி வரவழைத்து வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது அதைவிட மோசம். பெயரோடும் முகத்தோடும் பிள்ளைகளின் படத்தைக் குழுவில் போடவே வேண்டாம். சூன் விடுமுறை சரியான நேரம்: பள்ளி திறந்த முதல் வாரங்கள், சேர்க்கை நடந்துகொண்டிருக்கும். வகுப்பில் பேசவோ நிகழ்ச்சி நடத்தவோ வேண்டுமானால் கல்வித்துறை அனுமதியைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே பெற வேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.