ஐடிலில் ஓடும் செயின்சா ரேஸ் கொடுத்தால் அணைகிறதா? ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்

கோடை மழை காற்றோடு இறங்கும் நாளில் பெங்களூர் தெருக்களில் குல்மோகரும் தூங்குமூஞ்சி மரமும் சாய்ந்து கிடக்கும். வெட்ட வரும் பையன்களின் மெஷின் போன சீசனுக்குப் பிறகு அன்றுதான் வெளியே எடுக்கப்பட்டிருக்கும். கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் ஒழுங்காக ஓடும். ரேஸ் கொடுத்ததும் இழுத்துப் பிடித்தாற்போல் தேய்ந்து பொட்டென்று அணையும். உடனே சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் அதைத்தான் எடுத்தோம். டேங்க் காலி, சோக் மூடியிருப்பது, செயின் பிரேக்கைப் போட்டுக்கொண்டே ரேஸ் கொடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

கார்புரேட்டர் ஸ்க்ரூவில் ஆரம்பிப்பது

ஐடிலில் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது எஞ்சினுக்குச் சொட்டு பெட்ரோல் போதும், பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். ரேஸ் கொடுத்ததும் வால்வு திறந்து காற்று குபுகுபுவென்று உள்ளே போகிறது. பெட்ரோலும் அதற்கு ஈடாக வர வேண்டும். வராவிட்டால் கலவை லீன் ஆகி, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அணைகிறது.

கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவை எல் ஸ்க்ரூவும், முழு வேகத்துக்கானதை எச் ஸ்க்ரூவும் தீர்மானிக்கும். போன சீசனில் நன்றாக அறுத்த மெஷினில் இவை தாமாகத் திரும்புவது அபூர்வம். ஸ்ப்ரிங் அவற்றைப் பிடித்திருக்கிறது. மாறியது வேறு ஏதோ. அதைத் தேடாமல் ஸ்க்ரூவைத் திருகினால் இரண்டில் ஒன்று நடக்கும். இடப்பக்கம் திருகி எச்-ஐத் திறந்தால் மெஷின் ஓரளவு ஓடத் தொடங்கும், கோளாறு மறைந்துகொள்ளும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட்டில் கீறல் இருந்தால், சூடேற ஏற அது விரியும், கூடுதல் காற்று உள்ளே போகும். பெட்ரோல் மறுபடியும் போதாமல் போகும்.

வலப்பக்கம் திருகுவது இதைவிட மோசம். ஆர்.பி.எம். ஏறும், சத்தம் கூர்மையாகும், சுற்றி நிற்பவர்கள் 'செட் ஆயிடுச்சு' என்பார்கள். அந்தக் கூர்மையான சத்தம்தான் லீன். செயின்சாவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்குத் தனி வழி கிடையாது. 50:1 கலவையில் ஒரு லிட்டர் பெட்ரோலோடு போகும் 20 மில்லி ஆயில்தான் பிஸ்டனுக்குக் கிடைப்பது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். தடித்த மரத்தில் நாலைந்து வெட்டுக்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பிஸ்டன்-சிலிண்டர் செட்டின் விலையில் பெட்ரோல் ஃபில்டர்களை டஜன் கணக்கில் வாங்கலாம். இத்தனை சின்ன உருப்படிக்காக ஒரு நல்ல மெஷின் பழைய இரும்புக்குப் போவதைப் பார்த்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

யாராவது ஏற்கெனவே திருகிய மெஷின் கைக்கு வந்தால், ஆற விட்டு சைலன்சரைக் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் துளையில் டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்தபடி பிஸ்டனின் பக்கச் சுவரைப் பாருங்கள். மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் அவை கம்பெனியில் கடைந்த தடங்கள், பயமில்லை. மேலிருந்து கீழாக வெள்ளியைச் சுரண்டியதுபோல் கோடுகள் இருந்தால் கார்புரேட்டர் வேலையை நிறுத்திவிடுங்கள், செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது.

ஊருக்குப் போய் மரம் வெட்டுபவர்களுக்கு இன்னொன்று. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. கீழே காற்று அடர்த்தி அதிகம். இங்கே இழுத்துப் பிடித்து செட் செய்த எச் ஸ்க்ரூ அங்கே தானாகவே லீன் பக்கம் நிற்கும். இறங்கியதும் ஒருமுறை சரிபார்க்காமல் மரத்தில் வைக்காதீர்கள்.

சோதிக்காமலே பிரிப்பது

மூன்று சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பாதி சோக் போட்டு ரேஸ் கொடுங்கள். முன்பைவிட நன்றாக ஏறினால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் காற்று அல்லது புகை வழியில் அடைப்பு. அடுத்து எஞ்சினை நிறுத்தி டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, மூடிய பிறகு சிறிது நேரம் மட்டும் நன்றாக ஓடினால் டேங்க் வென்ட், அதாவது டேங்குக்குள் காற்று போகும் துளை, அடைத்திருக்கிறது. கடைசியாக, ரேஸை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலோ, மெஷினைச் சாய்க்கும்போது ஐடில் மாறினாலோ, எங்கோ காற்றுக் கசிவு. பூட், இம்பல்ஸ் குழாய் (எஞ்சினின் அழுத்தத் துடிப்பை கார்புரேட்டரின் பம்புக்குக் கொண்டுபோவது), கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) என்ற வரிசையில் தேடுங்கள்.

தயங்கி, ஆனால் அணையாமல் ஏறும் மெஷின் வேறு ரகம். அதற்கு மட்டும் எல் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று திறந்து பார்க்கலாம்.

பெட்ரோல் ஃபில்டரைப் பார்த்து 'சுத்தமா இருக்கே' என்பது

நுண்ணிய அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. கொக்கிக் கம்பியால் டேங்கிலிருந்து வெளியே இழுத்து, புதியதைப் போடுங்கள். அப்படியே குழாயையும் வளைத்துப் பாருங்கள். டேங்க் சுவரைத் துளைத்துவரும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிக்கும். அதற்கும் சரியாகாவிட்டால் கார்புரேட்டரின் பம்ப் மூடிக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வலை இருக்கும், அதைக் கழுவுங்கள். டயஃப்ரம் எனும் மெல்லிய சவ்வு விறைத்துப்போய் தொட்டால் சரசரத்தால், டயஃப்ரம்-கேஸ்கட் கிட் மாற்றுங்கள். பிரிக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் பம்ப் பக்கம் முதலில் டயஃப்ரம், மேலே கேஸ்கட். பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கட், மேலே டயஃப்ரம். மாற்றிப் போட்டவர்கள் நாள் முழுக்கக் கயிறு இழுப்பார்கள்.

கார்புரேட்டர் ஓட்டையில் கம்பி விடுவது

வேண்டாம். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், மெயின் நாஸிலில் இருக்கும் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு) போய்விடும்.

போன சீசன் கலவை

2023 பிப்ரவரி 6 அன்று 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் அறிமுகமானதே பெங்களூரில்தான். பல செயின்சா கைப்புத்தகங்கள் 10 சதவீத எத்தனாலோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவையை ஊற்றாதீர்கள். மெஷினை ஓய்வுக்கு வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள்.

சைலன்சர் வலையை மறப்பது

கரி பிடித்தால் புகை வெளியேறாது, ரேஸ் ஏறாது. பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள்.

ஸ்க்ரூவுக்கு வேளை வருவது எப்போது

இத்தனையும் முடிந்த பிறகு. ஏர் ஃபில்டர் சுத்தமாக, எஞ்சின் நாலைந்து நிமிடம் ஓடிச் சூடாக, செயின் பிரேக் எடுத்த நிலையில் தொடங்குங்கள். முதலில் எல், அடுத்து ஐடில் ஸ்க்ரூ, கடைசியில் எச். ஐடிலில் செயின் சுற்றவே கூடாது. முழு ரேஸில் சுமை இல்லாதபோது சத்தம் கொஞ்சம் கரகரத்து, மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். மரத்துக்கு வெளியேயே தெளிவாகக் கத்தினால் எச்-ஐ இடப்பக்கம் சற்றுத் திறந்துவிடுங்கள்.