பத்தமடைப் பாயிலிருந்து ஒரு வண்ணக் கணக்கு

நெய்யக் கொடுக்கும் சேலைக்கு நிறம் அமையவில்லையா? திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து நெய்தது. நயமான பட்டுப்பாயில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, 100-க்கும் மேல் இருக்கும். அந்த நெருக்கத்தில் நிறம் அழுத்தமாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது நிறங்களின் அளவு. நடுவே அகலமாகக் கோரையின் வைக்கோல் நிறம், ஓரத்தில் கொஞ்சமாகச் சிவப்பு, பச்சை, கறுப்பு. பழைய பாய் கிடைத்தால் விடாதீர்கள். சாயம் தரும் பதிமுகக் கட்டையில் ஏறிய அந்தச் சிவப்பு தனி அழகு.

அப்புறம், ஓர் அட்டைத் துண்டில் அதே விகிதத்தில் நூலை வரிசையாகச் சுற்றுங்கள். கை தள்ளிப் பிடித்துப் பார்த்து, உறுத்துகிற நிறத்தில் இரண்டு சுற்றைக் குறையுங்கள். சரியாக வந்ததும் அந்த அட்டையையே நெசவாளரிடம் கொடுத்துவிடலாம்.