கனத்த கச்சா எண்ணெயை வினையூக்கியால் இலேசாக்குவது எப்படி: உலோகக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கனத்த கச்சா எண்ணெய் ஒன்று வரப்போகிறது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஏபிஐ (எண்ணெயின் அடர்த்தியைக் காட்டும் எண், அது குறையக் குறைய எண்ணெய் கனம்) எவ்வளவு என்றுதான். கேட்கலாம், தப்பில்லை. 22-க்குக் கீழே என்றால் கனத்த எண்ணெய், 10-க்குக் கீழே போனால் தண்ணீரில் மூழ்கிவிடும், அந்த எண் சொல்வது அவ்வளவுதான். எந்த யூனிட்டுக்கு அனுப்புவது, எந்த வினையூக்கி தாங்கும், எத்தனை மாதத்தில் அதை வெளியே கொட்ட வேண்டிவரும் என்பதெல்லாம் வேறு மூன்று எண்களில் இருக்கிறது: நிக்கல், வனேடியம் இரண்டும் சேர்ந்த அளவு, கார்பன் எச்சம் (காற்றில்லாமல் சூடாக்கினால் மிஞ்சும் கரி), அஸ்பால்டீன் (எண்ணெயிலுள்ள மிகக் கனத்த மூலக்கூறுகள்). வேதிப் பொறியியல் முடித்துவிட்டு சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைகிறவர்கள் இந்த மூன்றையும் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏபிஐ எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். வட கடலில் கிடைக்கும் சில கனத்த எண்ணெய்கள் 19, 20 ஏபிஐ-தான், ஆனால் உலோகம் மிகக் குறைவு. மெக்சிகோவின் மாயா 21, 22 ஏபிஐ, பார்வைக்கு அவற்றைவிட இலேசானது. உள்ளே நூற்றுக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) உலோகம். வினையூக்கியைப் பொறுத்தவரை மாயாதான் பல மடங்கு கொடியது.

முதலில் எண்ணெயைப் படியுங்கள்

உதாரணத்துக்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கிடைக்கும், தார் போன்ற அதபாஸ்கா பிட்டுமினை எடுத்துக்கொள்வோம், கனத்த எண்ணெய்களில் மிக அதிகம் ஆராயப்பட்டவற்றில் அது ஒன்று. ஏபிஐ சுமார் 8, கந்தகம் 5 சதவீதத்தை ஒட்டி, கார்பன் எச்சம் 13 சதவீதம் அளவில், நிக்கலும் வனேடியமும் சேர்ந்து 250 முதல் 300 பிபிஎம். வெற்றிடத்தில் வடித்தாலும் ஏறக்குறைய பாதி கீழேயே தங்கிவிடும். அந்த அடி எச்சத்தைத்தான் ஆலையில் வேக்யூம் ரெசிட்யூ என்கிறோம், உலோகமும் அஸ்பால்டீனும் கிட்டத்தட்ட முழுவதும் அதிலேயே போய்ச் சேரும். அதனால் கச்சாவின் எண்களோடு நின்றுவிடாமல், வடித்த பிறகு ஒவ்வொரு பகுதியின் எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பிட்டுமினில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் 1.5 ஹைட்ரஜன் அணு இருக்கும், பெட்ரோல், டீசலில் அது 2-ஐ நெருங்கும். இந்த இடைவெளியை அடைக்க இரண்டே வழி: கார்பனை வெளியே எடுக்க வேண்டும், அல்லது ஹைட்ரஜனை உள்ளே கொடுக்க வேண்டும். சூட்டால் மட்டும் உடைத்துக் கார்பனைக் கோக் என்னும் திடக்கரியாக எடுக்கும் கோக்கர் முதல் வகை, அதற்கு வினையூக்கியே வேண்டாம். சுற்றிவரும் வினையூக்கித் தூளால் எண்ணெயை உடைக்கும் எஃப்சிசி-யும் முதல் வகைதான், வெளியேறும் கார்பன் அங்கே வினையூக்கியின் மேல் கோக்காகப் படிந்து எரிக்கப்படுகிறது. அழுத்தமான ஹைட்ரஜனில் வினையூக்கி வைத்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கிங் இரண்டாம் வகை. எந்தப் புதுத் தொழில்நுட்பத்தை யார் விற்க வந்தாலும் கார்பன் எங்கே போகிறது, ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும்.

எஃப்சிசி-க்கு எது போகலாம்

வடிப்பில் மேலே வரும் வேக்யூம் கேஸ் ஆயில் சிக்கல் குறைந்த பகுதி, அது எஃப்சிசி-க்கோ ஹைட்ரோகிராக்கருக்கோ போகும். 1942-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஓடத் தொடங்கிய முதல் எஃப்சிசி-யிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: மாவு போன்ற வினையூக்கித் தூள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் எண்ணெயை உடைக்கும், மறுபக்கம் தன் மேல் படிந்த கோக்கை எரித்துச் சூடாகித் திரும்பி வரும். இன்றைய யூனிட்டில் எண்ணெய் உடையும் குழாயான ரைசரில் 500 முதல் 550 டிகிரி செல்சியஸ், எண்ணெயும் வினையூக்கியும் ஒட்டியிருப்பது சில விநாடிகள், கோக்கை எரிக்கும் ரீஜெனரேட்டரில் 700 டிகிரி பக்கம். கோக் எரியும் வெப்பமே உடைப்புக்கான வெப்பம் என்பதால் கோக் குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை.

கனத்த எண்ணெயைக் கலந்தால் கார்பன் எச்சம் ஏறும், கோக் கூடும், ரீஜெனரேட்டர் கொதித்துப் போகும். ஓரளவு வரை கேட்டலிஸ்ட் கூலர் வைத்தோ இரண்டு கட்ட ரீஜெனரேட்டர் வைத்தோ சமாளிக்கலாம். கார்பன் எச்சம் 8, 10 சதவீதத்தை நெருங்கினால் அந்த ஊட்டத்தை எஃப்சிசி-க்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உலோகத்தில் எல்லை இன்னும் இறுக்கம், சில பத்து பிபிஎம்-மே அதிகம். ரீஜெனரேட்டரின் நீராவியிலும் சூட்டிலும் வனேடியம் வினையூக்கியின் முக்கியப் பொருளான ஜியோலைட்டின் படிகக் கட்டமைப்பையே தகர்க்கும், அது திரும்ப வராது. நிக்கல் கட்டமைப்பை விட்டுவிடும், ஆனால் எண்ணெயிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி வாயுவையும் கோக்கையும் பெருக்கும். வெளியேறும் வாயுவில் மீத்தேனோடு ஒப்பிட்டால் ஹைட்ரஜனின் பங்கு நாளுக்கு நாள் ஏறுகிறதா? நிக்கல் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டிமனி சேர்த்தால் நிக்கலை ஓரளவு அடக்கலாம். வனேடியத்துக்கு அவ்வளவு எளிய மருந்து கிடையாது, பழைய வினையூக்கியை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும், காசு அங்கேதான் போகும்.

அடி எச்சத்துக்கு ஒரு சின்னக் கணக்கு

சரி, வேக்யூம் ரெசிட்யூவுக்கு வருவோம். இங்கே எந்தக் கூட்டத்துக்குப் போகும் முன்பும் ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். மணிக்கு 200 டன் ஊட்டம் என்று வைப்போம். அதில் உலோகம் 100 பிபிஎம் என்றால் மணிக்கு 20 கிலோ உலோகம் ரியாக்டருக்குள் போகிறது. அதில் 70 சதவீதத்தை வினையூக்கி பிடித்துவைத்தால் 330 நாளில் சுமார் 110 டன். இதையே அதபாஸ்கா ரெசிட்யூவுக்குப் போடுங்கள், அங்கே 400 பிபிஎம்-முக்கு மேல். ஒரு வருடத்தில் 440 டன் உலோகம், அதாவது பெரிய ரியாக்டர் வரிசை ஒன்றில் நிரப்பும் மொத்த வினையூக்கியின் எடையோடு போட்டி போடும் அளவு. அதைத் தாங்க எந்த ஃபிக்ஸட் பெட்டாலும் (ரியாக்டருக்குள் அசையாமல் அடுக்கிய வினையூக்கிப் படுக்கை) முடியாது. அதிலும் உலோகம் வினையூக்கியின் நுண்துளைக்குள் சமமாகப் பரவாது, வனேடியம் சல்ஃபைடாக மாறித் துளையின் வாயிலேயே படியும், உள்ளே நல்ல பரப்பு மிச்சமிருக்கும்போதே வாசல் அடைந்துவிடும்.

ஆகவே உலோகம் 100 பிபிஎம் சுற்றுவட்டாரம் என்றால் ஃபிக்ஸட் பெட்டைப் பரிசீலிக்கலாம். முன்னால் அகலத் துளை கொண்ட உலோகம் பிடிக்கும் வினையூக்கி, பின்னால் கந்தகம் நீக்கும் குறுந்துளை வினையூக்கி, இந்த வரிசையை மாற்றாதீர்கள். அதற்கு வெகுமேலே போனால் எபுலேட்டட் பெட். ஒரு மில்லிமீட்டர் அளவு உருளைத் துண்டுகளான வினையூக்கி, கீழிருந்து மேலே போகும் திரவத்தில் மிதந்தபடி இருக்கும். ஓட்டத்தை நிறுத்தாமலே தினமும் கொஞ்சம் பழையதை எடுத்துப் புதியதைப் போடலாம், உலோகப் பிரச்சினைக்கு அதுதான் விடை. ஆல்பர்ட்டாவின் ஸ்காட்ஃபோர்ட் அப்கிரேடர் 2003-லிருந்து இப்படித்தான் ஓடுகிறது, நம் பக்கத்தில் விசாகப்பட்டினம் எச்பிசிஎல் ஆலையும் இதே குடும்பத்து எல்சி-மேக்ஸ் வழியைத் தேர்ந்தெடுத்தது. மணலி சிபிசிஎல் அடி எச்சத்துக்குக் கோக்கரை நாடியது. இரண்டுமே நியாயமான முடிவுதான், ஹைட்ரஜனின் விலையும் கோக்குக்குச் சந்தையும் எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி. ஹைட்ரஜனை இலவசமாக நினைக்காதீர்கள், இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு டன் ஹைட்ரஜன் எடுத்தால் 9, 10 டன் கார்பன் டைஆக்சைடு கூடவே வரும். ஸ்காட்ஃபோர்ட்டில் 2015-ல் தனியாக ஒரு கார்பன் பிடிப்புத் திட்டமே போட வேண்டி வந்தது அதனால்தான்.

மூன்றாவது ஸ்லரி வழி: மாலிப்டினச் சேர்மத்தை எண்ணெயில் கரைத்துவிட்டால் உள்ளேயே நுண்ணிய மாலிப்டினம் சல்ஃபைடு துகள்களாக மாறும், அடைவதற்குத் துளையே இல்லை. இத்தாலியின் சன்னசாரோவில் எனி நிறுவனம் 2013-ல் இதைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டியது. 90 சதவீதத்துக்கும் மேல் மாற்றம் (அடி எச்சம் இலேசான எண்ணெயாக மாறும் பங்கு) வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய வழி இது.

ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ் என்னும் சிறிய உயர் அழுத்தக் கலன் வைத்து ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 420 டிகிரியில் ரெசிட்யூ மூலக்கூறுகளைப் பெரும்பாலும் உடைப்பது வெப்பம்தான். உடைந்த துண்டுகளுக்கு ஹைட்ரஜன் கொடுத்து அவை மறுபடி ஒட்டிக் கோக் ஆகாமல் காப்பதும், கந்தகத்தையும் உலோகத்தையும் எடுப்பதும்தான் வினையூக்கியின் வேலை. எனவே வினையூக்கி இல்லாமல் அதே சூட்டில், அதே அழுத்தத்தில், அதே நேரத்துக்கு ஒரு வெற்று ஓட்டம் கட்டாயம் போடுங்கள். அது இல்லாத ஆய்வில் மாற்றம் 60 சதவீதம் என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. டெட்ராலின் போன்ற ஹைட்ரஜன் தரும் கரைப்பானைக் கலந்துவிட்டு எல்லாப் புகழையும் வினையூக்கிக்குக் கொடுப்பதும் அதே கதைதான்.

சல்ஃபைடிங்: அவசரமே கூடாது

வினையூக்கி ஆலைக்கு வரும்போது ஆக்சைடாக வரும், வேலை செய்வது சல்ஃபைடாக மாறிய பிறகுதான். இந்த மாற்றத்தைக் கெடுத்தால் அடுத்த ஓராண்டு முழுக்க அதன் பலனை அனுபவிக்க வேண்டும். முதலில் நேரடி வடிப்பில் வந்த டீசலால் வினையூக்கிப் படுக்கையை நனையுங்கள். உடைப்பு யூனிட்டிலிருந்து வந்த எண்ணெய் வேண்டாம், அதிலுள்ள ஒலிஃபீன்கள் புது வினையூக்கியின் மேல் பிசினாகப் படியும். 190, 200 டிகிரி வந்ததும் டைமெத்தில் டைசல்ஃபைடு, அதாவது டிஎம்டிஎஸ் செலுத்தத் தொடங்குங்கள். எவ்வளவு வேண்டும்? வினையூக்கி எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் கந்தகம் தேவை என்று வைத்தால் 100 டன் வினையூக்கிக்கு 10 டன் கந்தகம். டிஎம்டிஎஸ்-இல் 68 சதவீதம் கந்தகம், ஆக 15 டன்னுக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள், பாதியில் தீர்ந்துபோவதைவிட மோசமானது எதுவும் இல்லை.

அடுத்தது மிக முக்கியம். ஹைட்ரஜன் சல்ஃபைடு ரியாக்டரின் மறுமுனையில் வெளிவரும் வரை 230 டிகிரியைத் தாண்டாதீர்கள். கந்தகம் எட்டாத இடத்தில் ஆக்சைடின் மேல் சூடான ஹைட்ரஜன் பட்டால் அது உலோகமாக ஒடுங்கிவிடும், அப்புறம் அதை நல்ல சல்ஃபைடாக மாற்றுவது மிகக் கடினம். வெளிவரும் வாயுவை, அதன் அளவைக் காட்டும் டிரேகர் டியூபில் பாருங்கள், கூடவே குளிர் செபரேட்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். ஆக்சைடிலிருந்து விடுபடும் ஆக்சிஜன்தான் அந்தத் தண்ணீர், எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால் வேலை எவ்வளவு முடிந்தது என்று அதுவே சொல்லும். மறுமுனையில் வாயு வந்ததும் மெதுவாக 320, 340 டிகிரிக்கு ஏற்றி அங்கே நிறுத்துங்கள். தண்ணீர் சேர்வது நின்று, வாயுவின் அளவு நிலைத்த பிறகே முடிந்தது என்று எழுதுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம்-மிலேயே மூக்கை மரக்கச் செய்யும், நாற்றம் போய்விட்டது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாதிரி எடுக்கப் போகிறவர் சுவாசக் கருவியோடு, துணைக்கு ஒருவரோடுதான் போக வேண்டும்.

சல்ஃபைடிங் முடிந்த அன்றே ரெசிட்யூவைத் திறந்துவிடாதீர்கள். புது வினையூக்கியின் வீரியம் மிக அதிகம், இரண்டு மூன்று நாள் இலேசான ஊட்டத்தில் ஓட்டி அடங்கவிட்டு, பிறகு படிப்படியாகக் கனத்ததைக் கலக்கலாம்.

ஓட்டத்தில்

எபுலேட்டட் பெட்டில் 410 முதல் 440 டிகிரி, 150 முதல் 200 பார் என்பது வழக்கமான எல்லை. மாற்றத்தைக் கூட்ட வேண்டும் என்ற அழுத்தம் எப்போதும் இருக்கும். ஆனால் மாற்றம் ஏற ஏற, சுற்றியுள்ள எண்ணெய் இலேசாகி அஸ்பால்டீனைக் கரைத்துவைக்கும் சக்தியை இழக்கும், அஸ்பால்டீன் பிரிந்து வண்டலாக விழும். ரியாக்டரில் ஒன்றும் தெரியாது. பின்னாலுள்ள செபரேட்டர், வெப்பப் பரிமாற்றிகள், வெற்றிடக் கோபுரத்தின் அடிப்பகுதி ஆகியவைதான் அடைபடும். சூட்டோடு வடிகட்டி வண்டலை அளக்கும் சோதனையை ஒவ்வொரு ஷிப்டிலும் கேளுங்கள். 0.1 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து ஏறினால் வெப்பநிலையை இறக்குங்கள், இல்லாவிட்டால் எஃப்சிசி-யின் அடியில் வரும் அரோமேட்டிக் நிறைந்த எண்ணெயைக் கொஞ்சம் ஊட்டத்தில் கலந்து பாருங்கள், அஸ்பால்டீன் கரைந்து நிற்கும்.

ஹைட்ரஜன் சேரும் வினை வெப்பத்தை வெளிவிடும், வெப்பம் ஏறினால் வினை வேகமெடுக்கும், இந்தச் சுழற்சி கையை மீறுவதற்கு நிமிடங்கள் போதும். கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸில் 1997 ஜனவரி 21 அன்று டோஸ்கோ ஏவன் ஆலையின் ஹைட்ரோகிராக்கரில் அதுதான் நடந்தது. ரியாக்டரின் வெப்பநிலை எல்லை மீறிய பிறகும் அவசர அழுத்த நீக்கம் செய்யப்படவில்லை, வெளியேற்றுக் குழாய் வெடித்தது, ரியாக்டருக்குக் கீழே போய் வெப்பமானிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் இறந்தார், 46 பேர் காயமடைந்தனர். கருவி காட்டுவது உண்மையா என்று சந்தேகம் வந்தால் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். எழுதிவைத்த வெப்ப எல்லை வந்துவிட்டதா, அவசர அழுத்த நீக்கப் பொத்தானை அழுத்துங்கள். உற்பத்தி போனதற்காக அந்த முடிவை எடுத்த ஆபரேட்டரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அப்படிக் கேட்கும் மேலாளர் அடுத்த விபத்துக்கு வழி செய்கிறார்.

வெளியே எடுக்கும்போது

பயன்படுத்திய வினையூக்கி காற்றுப் பட்டதும் தானாகச் சூடேறிக் கனலும், கூடவே இரும்பு சல்ஃபைடும் இருக்கும். குளிர்விக்கும்போது 200 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன் சுழலும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்-முக்குக் கீழே இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அது நிக்கலோடு சேர்ந்தால் நிக்கல் கார்போனைல் உருவாகும், கொடிய நச்சு. நைட்ரஜன் நிரப்பிய ரியாக்டருக்குள் இறங்குவது அதற்கென்றே பயிற்சி பெற்று, வெளியிலிருந்து காற்று வரும் தலைக்கவசம் போட்டவர்களின் வேலை. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான், கீழே விழுந்தவரைத் தூக்க அப்படியே குதிப்பவரும் திரும்பி வருவதில்லை.

வெளியே எடுத்ததை நைட்ரஜன் போர்த்திய டிரம்களில் மூடி வையுங்கள். அதிலுள்ள வனேடியம், மாலிப்டினம், நிக்கல் மூன்றுக்கும் விலை உண்டு, உலோகம் மீட்கும் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். டிரம் எந்த ரியாக்டரில், எந்த உயரத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி, ஒவ்வொரு உயரத்திலிருந்தும் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உலோகம் எந்த அடுக்கில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த நிரப்பில் அகலத் துளை வினையூக்கி எத்தனை மீட்டர், குறுந்துளை எத்தனை மீட்டர் என்று முடிவு செய்ய முடியும்.