ஜிடிபி டிபக்கரில் ஒரே ஒரு த்ரெட்தான் தெரிகிறதா?

எஸ்டிஎம்32 மைக்ரோகொன்ட்ரோலரில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளம் ஓடுகிறது. நிறுத்தி ‘இன்ஃபோ த்ரெட்ஸ்’ அடித்தால் ஐந்து டாஸ்க் (ஜிடிபி இவற்றைத்தான் த்ரெட் என்கிறது) வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ இறுதியாண்டு புரொஜெக்ட் செய்கிற பிள்ளைகளே, கணினியைச் சிப்போடு இணைக்கும் எஸ்டி-லிங்க் வயரைக் கழற்றவேண்டாம். ரெஜிஸ்டரை வாசிக்க முடிந்தால் வயர் சரி. டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெடியூலர் தொடங்கமுன் நிறுத்தினாலும் ஒன்றுதான் வரும், அது பிழையல்ல.

ஜிடிபிக்கும் சிப்புக்கும் இடையில் நிற்கும் ஓப்பன்ஓசிடி மென்பொருள், ஃப்ரீஆர்டிஓஎஸ் கேர்னல் மாறிகளின் முகவரியை ஜிடிபியிடம் கேட்டு வாங்கித்தான் டாஸ்க் பட்டியலை வாசிக்கிறது. ஆகவே முதலில், பில்ட் செய்தபோது கிடைத்த ஈஎல்எஃப் கோப்பை ஜிடிபியில் ஏற்றுங்கள், பிறகு 3333 போர்ட்டில் இணையுங்கள். ஓப்பன்ஓசிடியின் கொன்ஃபிக் கோப்பில், டார்கெட் வரையறைக்குக் கீழே, ‘கொன்ஃபிகர் -ஆர்டிஓஎஸ் ஃப்ரீஆர்டிஓஎஸ்’ வரியும் இருக்கவேண்டும்.

அதன் பிறகும் வராவிட்டால் ஈஎல்எஃப் மீது, பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கட்டளையை ஓட்டி, ‘யுஎக்ஸ்-டொப்-யூஸ்ட்-பிரயோரிட்டி’ என்ற மாறி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். ஓடத் தயாரான டாஸ்க்குகளின் ‘ரெடி’ பட்டியல்கள் எத்தனையை வாசிப்பது என்பதை ஓப்பன்ஓசிடி இந்த மாறியிலிருந்துதான் அறிகிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ் 7.5.3இலேயே இது கேர்னலில் இல்லை. பிந்திய பதிப்புகளில் திரும்ப வந்தது. இல்லையென்றால் ஓப்பன்ஓசிடியின் ‘ஆர்டிஓஎஸ்-ஹெல்ப்பர்ஸ்’ ஃபோல்டரில் உள்ள சிறிய சி கோப்பைச் சேருங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் கொன்ஃபிக்கில் உள்ள மாக்ஸ்-பிரயோரிட்டீஸில் 1 குறைத்த மதிப்பை அந்த மாறிக்குக் கொடுப்பதே அதன் வேலை. கோட்டில் யாரும் அந்த மாறியைத் தொடாததால் லிங்கர் குப்பையென்று வீசிவிடும். லிங்கர் ஃபிளாக்கில் ‘அன்டிஃபைன்ட்’ போட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால் தங்கும். எல்டிஓ (லிங்க் செய்யும்போது கோட்டை மேம்படுத்தும் வசதி) போட்டிருந்தால் மற்ற மாறிகளின் பெயரும் மாறலாம். டிபக் பில்ட்டில் எல்டிஓ தேவையே இல்லை.

டாஸ்க் வருகிறது, பெயர் மட்டும் குப்பையா? ஒவ்வொரு டாஸ்க்கின் விவரமும் இருக்கும் டிசிபியில் 52ஆவது பைட்டில் பெயர் இருக்கும் என்று ஓப்பன்ஓசிடி கணக்கிட்டு வைத்திருக்கிறது. நினைவகத்தைப் பாதுகாக்கும் எம்பியுவுக்கான போர்ட்டை (கேர்னலில் சிப்புக்கேற்ற பகுதி) பாவித்தால் அந்த இடம் நகர்ந்துவிடும். ஃப்ரீஆர்டிஓஎஸ் கொன்ஃபிக்கில் லிஸ்ட் இன்டெக்ரிட்டி செக் 1 ஆக இருந்தால் பட்டியலே குழம்பும், 0 ஆக்குங்கள்.

பெயர் சரி, பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) மட்டும் பிழையென்றால் கேர்னலின் போர்ட் கோப்பைப் பாருங்கள். தசமக் கணக்குப் பகுதியான எஃப்பியு இயங்கும் எம்4எஃப் சிப்பில், சேமித்த ஸ்டாக்கின் 32ஆவது பைட்டில் எல்ஆர் ரெஜிஸ்டர் இருக்குமென்று ஓப்பன்ஓசிடி எடுத்துக்கொள்ளும். எம்3 போர்ட் கோப்பு அதற்கு முன் ஆர்4 முதல் ஆர்11 வரையான ரெஜிஸ்டர்களைத்தான் ஸ்டாக்கில் தள்ளும். அந்த இடத்தில் ஆர்0தான் கிடக்கும். எம்4எஃப் கோப்புக்கு மாறினால் சரிவரும்.

ரீசெட் செய்த உடனேயே நிறுத்தினால் ராமில் பழைய பட்டியல் மிச்சமிருக்கும். மெயின் வரை ஓடவிட்டுப் பாருங்கள்.